ஆறு கிலோமீட்டர் சேறு

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் பெரியவருக்கு நான் வருடத்தில் இரண்டு முறையாவது 50 வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கிறது. என் வண்டி சேற்றில் இறங்கிவிடும். அவர் வந்து சங்கிலி போட்டு இழுத்துவிடுவார். “இன்னும் நல்ல டயரு போடலையா தம்பி?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சேற்று டயரை ஒரு காலத்தில் போட்டிருந்தேன், நானே கழற்றிவிட்டேன் என்று சொன்னால் அவர் நம்புவதில்லை. சங்கிலியைச் சுருட்டியபடியே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்குச் சொல்லி முடிக்காத கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பிழைப்பு தண்ணீர்ப் பம்பும் மருந்தடிக்கும் இயந்திரமும். தோட்டங்களில் அவை பழுதானால் எனக்கு அழைப்பு வரும். வீடு கோலாலம்பூர் செந்தூலில். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் லாத்தார் நெடுஞ்சாலை ஏறி, ஈஜோக்கில் இறங்கி, பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற அந்தச் சின்னப் பட்டணத்துக்குப் போய்ச் சேருவேன். 2007-இல் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது மலாய் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும் விஷயம், அது இங்கே வேண்டாம்.

வண்டி 2017-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், டீசல், ஃபோர் வீல் டிரைவ். டயர் அளவு 265/65 ஆர்17. 2023 தொடக்கத்தில் இரண்டாவது செட் டயரும் தேய்ந்து, பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்குமே ஒரு சின்ன மேடு, அது தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. அது டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதுவரை போட்டிருந்தது எச்டி வகை, நெடுஞ்சாலைக்கென்றே செய்தது. நேர்நேராகக் கோடு போட்டிருக்கும், சத்தம் இருக்காது, அழகும் இருக்காது.

அழகு இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் என் மச்சான். “ஹைலக்ஸுக்கு மைவி டயர் போட்ட மாதிரி இருக்கு, அத்தான்.” மைவி எங்கள் ஊரின் சின்னக் கார். வார இறுதியானால் உலு லங்காட், ஜண்டா பாயேக் என்று ஆற்றுக்குள்ளேயும் காட்டுக்குள்ளேயும் வண்டியை இறக்குகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அவனுடைய கைப்பேசியில் ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் படங்கள் நிறைய இருக்கும். 1997-இலிருந்து நம் நாட்டில் நடக்கிற அந்தப் போட்டியை வேண்டுமென்றே ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் வைப்பார்கள், வண்டிகள் கூரை வரைக்கும் சேறாகி நிற்கும். அந்தப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மனிதன் எச்டி டயர் வாங்க முடியாது. நானும் வாங்கவில்லை. பெரிய பெரிய கட்டிகளாக ரப்பர் நிற்கிற, சேற்றுக்கென்றே செய்த எம்டி டயர் நான்கை வாங்கிப் போட்டேன். அதுவும் பக்கச்சுவரின் உயரத்தை ஒரு படி கூட்டி, 265/70.

டயரில் வெட்டியிருக்கும் கோலத்தை மலாயில் ‘புங்கா’ என்பார்கள், அதாவது பூ. எங்கள் பட்டறைத் தமிழிலும் அது பூவாகிவிட்டது. “பூ இருக்கா, போயிடுச்சா?” என்றுதான் கேட்போம். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான வகை ஒன்று உண்டு, ஏடி. ஏடிக்கும் எம்டிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தப் பூவில்தான். எம்டியில் கட்டிகள் பெரியவை, இடைவெளியும் பெரியது. சேற்றில் சக்கரம் சுழலும்போது கட்டி மண்ணைக் கடிக்கும், இடைவெளியில் ஏறிய மண் சுழற்சி வேகத்தில் தெறித்து வெளியே போகும். அடுத்த சுற்றில் கட்டி மறுபடி சுத்தமாக இறங்கும். சுத்தமாவதற்குச் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழன்றாக வேண்டும், அதனால்தான் சேற்றில் எம்டி போட்டவர்கள் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போவார்கள். ஏடியில் கட்டிகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு கட்டியின் மேலும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய. ஈரமான தாரில் அந்த மெல்லிய விளிம்புகள்தான் பிடி கொடுக்கின்றன. ஆனால் பிசுபிசுத்த களிமண் ஏடியின் இடைவெளியை அடைத்துக்கொண்டால் போகவே போகாது. அப்புறம் அது எண்ணெய் பூசிய உருளை.

முதல் மாதம் நான் ராஜா. போன வருடம் வழுக்கிய செம்மண் ஏற்றத்தில் இப்போது ஃபோர் வீல் போடாமலே ஏறினேன். தோட்டத்துப் பையன்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். மச்சான் படமெடுத்து எங்கெங்கோ போட்டான்.

சத்தம் இரண்டாவது மாதம்தான் உறைத்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வரை தூரத்தில் வண்டு ரீங்கரிப்பது மாதிரி இருக்கும். 90-க்கு மேல் போனால் பக்கத்தில் ஒரு லோரி ஓடுகிற மாதிரி. கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாரை அறைகிற சத்தம் அது. டயர் தேயத் தேய, கட்டிகளின் ஒரு ஓரம் மட்டும் முன்னதாகத் தேய்ந்து, இன்னும் கூடும். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போட்டும் கூடத்தான் செய்தது. எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் நான் திரும்பும்போதே நான்காவது மாடியில் என் மனைவிக்குக் கேட்டுவிடும். கதவைத் திறந்தால் மேசையில் தேத்தண்ணி இருக்கும். இந்த ஒரு நன்மையை மறைக்கக்கூடாது.

மழைதான் கண்ணைத் திறந்தது. கோலாலம்பூரில் மழை இல்லாத மதியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அந்த வருடம் இரண்டு மூன்று வாரம் காய்ந்து கிடந்துவிட்டு ஒரு நாள் பிடித்துக்கொண்டது. காய்ந்த நாட்களில் சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் முதல் மழையில்தான் மேலே மிதக்கும். வண்டியின் பின்தட்டு காலி, கருவிகளைத் தோட்டத்திலேயே விட்டிருந்தேன். எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் பத்துமலை தாண்டி இறங்கும் ஒரு வளைவில் திரும்பினேன். வேகம் 50-க்குள்தான். வண்டியின் பின்பாகம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, வெளிப்பக்கம் நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன். முருகன் சிலை ஒரு கணம் தப்பான கண்ணாடியில் தெரிந்தது. எதிலும் இடிக்கவில்லை. ஓரமாக நிறுத்தியபோது பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை, பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது. ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் ஃபோர் வீலைத் தாரில் போட்டு ஓட்டக்கூடாது, முன்னும் பின்னும் கட்டிப்போட்டது போல ஒரே வேகத்தில் சுழன்று கியரை முறுக்கிவிடும். ஆகவே சாலையில் இன்ஜினின் சக்தி முழுக்கப் பின்சக்கரத்துக்குத்தான். பாரம் இல்லாத பின்தட்டு லேசு. இதன்மேல் எம்டி டயர்: தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு, மெல்லிய வெட்டுகள் கிட்டத்தட்ட இல்லை, உயரமான கட்டிகள் வளைவில் சாய்ந்து கொடுக்கின்றன. தேங்கி நிற்கிற தண்ணீரில் எம்டி மோசமில்லை, அகலமான பள்ளங்கள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். மெல்லிய ஈரப்படலம்தான் அதற்கு எமன். நம் ஊர்ச் சாலைகளில் பாதி நாள் இருப்பது அந்தப் படலம்தான்.

அப்புறம் டீசல். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியதும் எல்லோரையும் போல நானும் நோட்டுப்புத்தகத்தைத் தூக்கினேன். எச்டி இருந்தபோது லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைத்தது. எம்டியில் 9.7. மாதம் 2,500 கிலோமீட்டருக்கு 100 வெள்ளி கூடுதல் என்று மனைவியிடம் வேறு சொல்லிவிட்டேன். பிறகுதான் தோன்றியது, டயர் பெரிதாகிவிட்டதே, மீட்டர் சொல்வது உண்மையா? 265/65-இன் விட்டம் 776 மில்லிமீட்டர், 265/70-இன் விட்டம் 803. ஏறத்தாழ 3.4 விழுக்காடு பெரிது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் ஓடியிருக்கிறது. திருத்திப் போட்டால் லிட்டருக்கு 10.03, கூடுதல் செலவு 74 வெள்ளி. நூறு என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, டயர் மாற்ற அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

(இந்தப் பெரிய டயரால் தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? விட்டத்தில் பாதிதானே கீழே வரும். 13 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம். வேகமானி 100 காட்டும்போது 103-இல் போவதற்காக நான் வாங்கியது ஒரு விரல்.)

ஆனாலும் சேறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு எம்டி வேண்டாமா என்ற கேள்வி விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு புதுத் தோட்டத்தில் வேலை வந்தது. அங்கே மண் கறுப்பு. மலாயில் தானா கம்புட் என்பார்கள், மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரில் மட்கிச் சேர்ந்தது. நடந்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். நான் தைரியமாக இறங்கினேன். சக்கரம் சுழன்றது, கட்டிகள் கடித்தன, மண் தெறித்தது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ஆனால் அடியில் கடிப்பதற்குக் கெட்டியான தரையே இல்லை. எம்டி டயர் நான்கும் சேர்ந்து எனக்கு அழகாகக் குழி வெட்டின. இரண்டு நிமிடத்தில் அச்சு தரையில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் தேய்ந்துபோன எச்டி டயரோடு ஒரு பழைய பிக்கப்பை மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வைக்காரர், ஓட்டிவந்தார், காற்றைப் பாதி இறக்கிவிட்டு, மிதிக்காமல், சீராக, என்னைத் தாண்டிப் போனார். அங்கே போய் நிறுத்திவிட்டுத்தான் எனக்குக் கை காட்டினார்.

அந்த மாதம் ஒரு வேலை செய்தேன். சாலை விட்டு இறங்கும்போதும் ஏறும்போதும் கிலோமீட்டரைக் குறித்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 2,480. தாரில்லாத பாதை 130. அதிலும் பெரும்பகுதி கல் போட்ட தோட்டத்துச் சாலை, மைவியே போகும். எச்டி டயர் நிச்சயமாக நின்றுவிடும் என்று சொல்லக்கூடிய நிஜமான சேறு, எப்படி இழுத்துப் பிடித்துக் கணக்குப் போட்டாலும் ஆறு கிலோமீட்டர். அந்த ஆறுக்காக மீதி 2,474-ஐயும் நான் பயந்துகொண்டும் சத்தம் கேட்டுக்கொண்டும் ஓட்டியிருக்கிறேன்.

ஏடிக்கு மாறுவது என்று முடிவானதும் ஜாலான் ஈப்போவில் கடை கடையாக ஏறினேன். பிராண்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 1976-இலிருந்து ஏடி செய்கிற பிஎஃப்குட்ரிச்சுக்கு ஒரு பக்திக் கூட்டம் இருக்கிறது. தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் டோயோவுக்குத் தொழிற்சாலை உண்டு, சில்வர்ஸ்டோனும் அங்கே உருவானதுதான். 2010-இல் சில்வர்ஸ்டோனை டோயோ வாங்கியது. சில்வர்ஸ்டோனின் எம்டி-117 என்று சொன்னால் நம் காட்டு வண்டிக்காரர்கள் கண் மூடிக் கும்பிடுவார்கள். எல்லாமே நல்ல டயர்கள்தான். நான் பார்த்தது டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை.

முதலில் வயது. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். முதல் கடையில் எடுத்து வைத்த டயரில் 1421 என்றிருந்தது. 2021-இன் 14-ஆவது வாரம். நான் வாங்கப் போனது 2024 கடைசியில். “பாஸ், இது புதுசு, பூ பாருங்க, முடி கூடப் போகல” என்றார் கடை முதலாளி தவுக்கே. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ரப்பர் முடி இருந்தது உண்மைதான். நான் வேறு கடைக்குப் போனேன்.

அடுத்தது எடை தாங்கும் எண். என் அளவில் சாதாரண ஏடியில் 112 எஸ் என்றிருக்கும்: ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், மணிக்கு 180 வரை போகலாம். முன்னால் எல்டி, அதாவது லைட் டிரக், என்று எழுதிய அதே அளவு டயரும் உண்டு, அதில் 120 என்றிருக்கும், 1,400 கிலோ. பக்கவாட்டுச் சுவர் தடிமன், குத்துக்கட்டை உரசினாலும் எளிதில் கிழியாது. ஆனால் டயரே கனம், சாதாரண டயர் சுமக்கிற அதே பாரத்துக்கு இதில் காற்று கூடுதலாக வைக்க வேண்டும், காலி வண்டியில் போனால் முதுகெலும்பு எண்ணப்படும். செம்பனைத் தோட்டத்தில் டயருக்கு முதல் எதிரி வெட்டிப் போட்ட மட்டையின் முள். அது பூ வழியாகக் குத்தும், ஒட்டுப் போட்டால் சரியாகிவிடும், எல்டி போட்டாலும் குத்தத்தான் செய்யும். பக்கச்சுவர் கிழிந்தால்தான் டயரைத் தூக்கிப் போட வேண்டும். அது எனக்கு ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. சாதாரண 112-ஐயே எடுத்தேன். தினமும் கல் ஏற்றுகிறவர், மலைப்பாதைக்காரர் என்றால் எல்டிதான் எடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்றும் ஓர் எழுத்து இருக்கும். சேறும் உறைபனியும் என்று பொருள். பூவின் அமைப்பை வைத்துத் தயாரிப்பவர்களே போட்டுக்கொள்வது. கூடவே மூன்று சிகர மலையும் ஒரு பனிப்படிகமும் வரைந்திருந்தால் அது உண்மையிலேயே பனியில் சோதித்தது. செந்தூலில் அந்த மலைப்படத்தைக் காட்டி விலை கூட்டிச் சொன்ன ஒருவரையும் சந்தித்தேன்.

ஐந்து டயர் வாங்கினேன். ஐந்தாவது ஸ்பேருக்கு. ஸ்பேர் வேறு விட்டத்தில் இருந்தால், சேற்றில் பஞ்சராகி அதை மாட்டி ஃபோர் வீல் போட வேண்டி வந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒத்துப்போகாமல் கியர்பெட்டி கஷ்டப்படும். எம்டி காலத்தில் என் ஸ்பேர் பழைய எச்டியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டும் நிலை வராதது என் அதிர்ஷ்டம். இந்தத் தடவை அளவையும் ஏற்றவில்லை, பழைய 265/65. அகல டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினால் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை, பிடிப்பது தனிக்கதை.

சரி, ஏடி போட்டாயிற்று, அந்த ஆறு கிலோமீட்டருக்கு என்ன வழி? கறுப்பு மண்ணில் என்னைத் தாண்டிப்போன மண்டோரிடமே கேட்டேன். அவர் காட்டியது காற்று. சாலையில் 32 பிஎஸ்ஐ வைக்கிறேன். மோசமான இடத்துக்கு முன்னால் நிறுத்தி 20-க்கு இறக்குகிறேன். டயரின் வயிறு தட்டையாகி, தரையைத் தொடும் பாதம் நீளமாகிறது. பாரம் பரவுகிறது. பூவும் விரிந்து வளைவதால் கொஞ்சம் மண்ணை உதறுகிறது. 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது ரிம்மை விட்டு டயர் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு, அந்த ஆசை எனக்கில்லை. திரும்பித் தாருக்கு வந்ததும் மறுபடி ஏற்றியே ஆக வேண்டும். காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலையில் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கக்கூடும். அதற்காக பேட்டரியில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கினேன், 180 வெள்ளி. நான்கு டயருக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவேன். இரண்டு வருடத்தில் டயருக்காக நான் செலவழித்த காசில் வீண்போகாதது இந்த 180-தான்.

இதனால் மாட்டிக்கொள்வதே இல்லை என்று சொன்னால் டிராக்டர் பெரியவர் சிரிப்பார். தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்து, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் களிமண் பாதையை உழுதுவைத்திருந்தால் ஏடியின் பூ அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் எம்டி இருந்தால் போயிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். போன நவம்பரில் அப்படித்தான் மாட்டினேன். 50 வெள்ளி. வருடத்துக்கு 100 என்று வைத்தாலும், எம்டி குடித்த டீசலில் ஒன்றரை மாதக் கணக்குக்கூட வராது. அவர் வரும்வரை காத்திருக்கும் நேரம் தனி. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

கழற்றிய எம்டி நான்கையும் மச்சானே வாங்கிக்கொண்டான், பாதி விலைக்கு. அவனுக்கு அது சரியான டயர்தான் என்று நினைக்கிறேன், அவன் வண்டி வாரநாளெல்லாம் வீட்டில் நிற்கிறது, சனி ஞாயிறு ஆற்றுக்குள் நிற்கிறது. மழையில் 70-க்கு மேல் ஓட்டமாட்டேன் என்று அவன் அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவான். கீழே அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள். நான் வீடு வந்து சேருவதுதான் இப்போது யாருக்கும் தெரிவதில்லை. தேத்தண்ணியை நானே போட்டுக்கொள்கிறேன்.